ஐயோவா அஃபென்ஸ் ஏன் இப்படி முடங்கியது? டீக்கன் ஹில் மட்டும்தான் காரணமா?

கேள்வி இதுதான்: 2023 சீசனில் ஐயோவா பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணி 10 ஆட்டங்களை ஜெயித்தது, ஆனால் அதன் அஃபென்ஸ் (பந்தை வைத்து முன்னேறும் பிரிவு) நாட்டிலேயே கடைசி. பாஸ் வீசும் குவாட்டர்பேக் டீக்கன் ஹில் சரியில்லை என்பதுதான் காரணமா, இல்லை கோச்சிங்கில் கோளாறா?

ஹில் நன்றாக ஆடவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். 251 பாஸ் வீசி 122-தான் கைசேர்ந்தது, 48.6 சதவீதம். இன்றைய கல்லூரி ஆட்டத்தில் 60 சதவீதம் எடுப்பவரையே சுமார் என்பார்கள். 5 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது), 8 இன்டர்செப்ஷன் (வீசிய பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது). இதற்குச் சப்பைக்கட்டு கட்ட முடியாது. ஆனால் அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் 2022-க்கு என்ன பதில்? அந்த வருடம் ஹில் ஐயோவாவுக்கே வந்திருக்கவில்லை, விஸ்கான்சினில் இருந்தார். ஐயோவாவுக்கு ஆடியவர் ஸ்பென்சர் பெட்ராஸ். அப்போதும் அஃபென்ஸ் ஆட்டத்துக்குச் சராசரியாக 251.6 யார்டுதான் எடுத்தது. 131 அணிகளில் 130-வது இடம். ஆள் மாறியும் நிலைமை மாறவில்லை என்றால், கோளாறு அந்த ஆளுக்கு மேலே எங்கோ இருக்கிறது.

என் கணிப்பு இது. அஃபென்ஸ் இல்லாமலேயே ஜெயிக்க முடியும் என்று ஐயோவா பழகிவிட்டது. டிஃபென்ஸும் பண்ட் உதைப்பவரும் சேர்ந்து வருடத்துக்கு எட்டு, பத்து ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்ததால், பழுதைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி மேலே இருந்த யாருக்கும் வரவில்லை. பவுலர்கள் எப்படியும் எதிரணியை 120-க்குள் சுருட்டிவிடுவார்கள் என்ற தைரியத்தில் பேட்டிங்கைத் திருத்தாமலே விடும் கிரிக்கெட் அணி மாதிரி. அதற்கான விலையை வாரா வாரம் கட்டியவர்கள் குவாட்டர்பேக்குகள்.

இந்த ஆட்டத்தில் பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக: நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு. மூன்று முயற்சியில் முடியாவிட்டால் பெரும்பாலும் நான்காவதில் பந்தை உதைத்து எதிரணியை அவர்கள் எல்லைப் பக்கம் தள்ளிவிடுவார்கள். அதுதான் பண்ட். பொதுவாக அது தோல்வியை ஒத்துக்கொள்ளும் செயல். ஐயோவாவிலோ அதுதான் ஆயுதம். மெல்பர்ன் நகரிலிருந்து வந்த டோரி டெய்லர் 2023-ல் 93 பண்ட் உதைத்து 4,479 யார்டு சேர்த்தார். ஒரே சீசனில் அத்தனை யார்டு உதைத்தவர் கல்லூரி வரலாற்றில் வேறு யாரும் இல்லை. ரசிகர்கள் ‘பண்ட் உதைப்பதே வெற்றி’ என்று அச்சடித்த டி-ஷர்ட் போட்டுக்கொண்டு கின்னிக் ஸ்டேடியத்துக்கு வந்தார்கள். பந்தை எதிரணியின் 10 யார்டு கோட்டருகே போடுவார், ஃபில் பார்க்கரின் டிஃபென்ஸ் அங்கேயே அவர்களை நெரிக்கும், அப்புறம் ஒரு தப்பு நடக்கும், அதிலிருந்து ஒரு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பது), மூன்று புள்ளி. எதிரணிகள் ஆட்டத்துக்குச் சராசரியாக 14.8 புள்ளிதான் எடுத்தன. அந்த வருடம் நாட்டின் சிறந்த துணைப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருது பார்க்கருக்குப் போனது, முழுத் தகுதியோடு.

இப்படிப்பட்ட டிஃபென்ஸ் கையில் இருக்கும்போது அஃபென்ஸிடம் என்ன எதிர்பார்ப்பார்கள்? தப்புப் பண்ணாமல் இருந்தால் போதும் என்றுதான். 1999-லிருந்து தலைமைக் கோச்சாக இருக்கும் கர்க் ஃபெரன்ட்ஸின் மொத்த அணுகுமுறையும் அதுவே. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதை வைத்து அவர் நிறைய ஜெயித்திருக்கிறார். ஆனால் ‘தப்புப் பண்ணாதே’ என்ற கட்டளைக்குள் வளரும் அஃபென்ஸ், பின்தங்கும் நாளில் எழுந்து ஆடக் கற்றுக்கொள்வதே இல்லை. பென் ஸ்டேட் ஆட்டத்தில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. 31-0 தோல்வி, ஐயோவாவுக்கு மொத்தம் 76 யார்டு. பென் ஸ்டேட் 97 முறை பந்தை ஆடியது, ஐயோவா 33 முறை. அன்று குவாட்டர்பேக் ஹில் இல்லை, கேட் மெக்னமாரா. 2021-ல் மிஷிகன் அணியை பிக் டென் (ஐயோவாவும் ஆடும் கல்லூரி லீக்) சாம்பியன் ஆக்கியவர், அந்த இறுதிப் போட்டியில் இதே ஐயோவாவை 42-3 என்று வீழ்த்தியவர். ஐயோவாவில் அவர் முழங்கால் அடிபட்டு வெளியேறுவதற்கு முன் ஆடிய ஐந்து ஆட்டங்களில் பாஸ் சேர்ந்தது 51 சதவீதம்தான். ஆகஸ்ட் பயிற்சியிலேயே தொடையில் காயம் பட்டு முழு வேகத்தில் நகர முடியாமல் ஆடினார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இருந்தாலும் நிரூபித்துக் காட்டிய ஒருவர் இங்கே வந்ததும் இப்படி ஆகிறார் என்றால் யோசிக்க வைக்கிறது.

களத்தில் என்னதான் நடந்தது? பந்தைக் கையில் வைத்து ஓடுவதில் ஐயோவாவின் அடிப்படை உத்தி அவுட்சைட் ஸோன். முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் ஐந்து லைன்மேன்களும் ஒரே தாளத்தில் பக்கவாட்டில் அடியெடுத்து வைப்பார்கள். பந்தோடு பின்னால் வருபவர் அந்தச் சுவரில் எங்கே இடுக்கு விழுகிறது என்று பார்த்து ஒரே வெட்டாக வெட்டிப் புகுவார். அருமையான உத்தி, தொழில்முறை லீகான என்எஃப்எல்-லிலும் பல அணிகள் ஆடுவது. ஆனால் ஐந்து பேரில் ஒருவர் அரை நொடி பிந்தினாலும் இடுக்கு அடைந்துபோகும். 2021 வரை நடுவில் டைலர் லிண்டர்பாம் இருந்தார், நாட்டின் சிறந்த சென்டர். அவர் போனபிறகு அந்த லைன் பழைய நிலைக்கு வரவே இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், எதிரணிக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்தது. முதல் முயற்சி ஓட்டம் என்று தெரிந்து எட்டுப் பேரை முன்னால் நிறுத்துவார்கள். இரண்டு யார்டு கிடைக்கும். இரண்டாவதில் இன்னொரு ஓட்டம், அல்லது குட்டிப் பாஸ். மூன்றாவதில் ஏழெட்டு யார்டு தேவைப்படும், பாஸ்தான் வரும் என்று ஸ்டேடியத்தில் நொறுக்குத்தீனி விற்பவருக்கும் தெரியும். குவாட்டர்பேக்கைப் பிடிக்க வருபவர்கள் ஓட்டத்தைப் பற்றிக் கவலையே இல்லாமல் பாய்வார்கள். பாஸ் பிடிக்கும் ரிசீவர்களோ ஆளை விலக்கி வெளியே வந்திருக்க மாட்டார்கள். குவாட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு நின்றால் அடி, அவசரமாக வீசினால் தவறு. அப்புறம் டெய்லர் வருவார். ஓடுவதுபோல் காட்டிப் பாஸ் வீசும் பிளே-ஆக்‌ஷன்தான் அவுட்சைட் ஸோனின் பாதி பலம். ஓட்டமே ஓடவில்லை என்றால் அந்தப் பாசாங்கை யார் நம்புவார்கள்?

அக்டோபர் 21, மினசோட்டா ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மினசோட்டா ஒரு டச்டவுன்கூட அடிக்கவில்லை, நான்கு ஃபீல்ட் கோல், 12 புள்ளி, அவ்வளவுதான். ஐயோவா இரண்டாம் பாதி முழுக்க எடுத்தது 12 யார்டு. முப்பது நிமிட ஆட்டத்தில் பன்னிரண்டு யார்டு! கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் ஐயோவாவின் கூப்பர் டிஜீன் பண்டைப் பிடித்து 54 யார்டு ஓடி டச்டவுன் அடித்தார், ஸ்டேடியமே எழுந்து நின்றது. பிறகு வீடியோவைப் பார்த்த நடுவர்கள், பந்து வருமுன் அவர் கையசைத்தது முறையற்ற ஃபேர் கேட்ச் சைகை (பிடித்த இடத்திலேயே நின்றுவிடுவேன் என்ற அறிவிப்பு) என்று ரத்து செய்தார்கள். 12-10 தோல்வி. ரசிகர்கள் நடுவர்களைத் திட்டினார்கள், அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் அந்த ரத்துக்குப் பிறகும் பந்து ஐயோவாவிடம்தான் இருந்தது, அதுவும் நடுக்கோட்டருகே, தன் 46 யார்டு கோட்டில். ஒரு ஃபீல்ட் கோல் போதும். அந்தத் தூரத்தைக்கூட எட்ட முடியவில்லை.

ரிசீவர் விஷயம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. சார்லி ஜோன்ஸ் என்று ஒருவர் 2021-ல் ஐயோவாவுக்கு ஆடினார். 21 கேட்ச், 323 யார்டு. எதிரணியின் பண்டைப் பிடித்து ஓடுபவராகத்தான் அதிகம் பேசப்பட்டார். 2022-ல் பர்டூவுக்கு மாறினார். அதே பிக் டென், அதே மேற்குப் பிரிவு, கிட்டத்தட்ட அதே எதிரணிகள். அங்கே 110 கேட்ச், 1,361 யார்டு. அந்த வருடம் நாட்டிலேயே அதிகப் பந்து பிடித்தவர் அவர்தான். சிறுவயதுத் தோழன் ஏடன் ஓகானல் அங்கே குவாட்டர்பேக்காக இருந்தது உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் ஒரே ஆள் ஒரே வருட இடைவெளியில் ஐந்து மடங்கு பந்து பிடிக்கிறார் என்றால், ஐயோவாவில் திறமை இல்லாமல் போகவில்லை, இருந்ததைப் பயன்படுத்தத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

இதன் பின்விளைவு இன்னும் மோசம். இப்போது வீரர்கள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பட்டியலில் பெயர் கொடுத்துக் கல்லூரி மாறும் காலம். நல்ல ரிசீவர் ஒருவர் ஐயோவாவின் கணக்கைப் பார்த்தால் ஏன் வருவார்? 2023-ல் அணியிலேயே அதிக ரிசீவிங் யார்டு எடுத்தவர் டைட் எண்ட் (எதிரணியைத் தடுப்பதோடு பாஸும் பிடிப்பவர்) எரிக் ஆல், மொத்தம் 299. அவரும் விஸ்கான்சின் ஆட்டத்தில் முழங்கால் போய் ஏழு ஆட்டத்தோடு நின்றவர். பாதி சீசன் ஆடியவரை மீதிப் பாதியில் ஒருவராலும் தாண்ட முடியவில்லை. ஒஹாயோ ஸ்டேட்டிலிருந்து கேலப் பிரௌன் வந்தார், சீசனின் கடைசிக் கட்டத்தில்தான் அவர் பக்கம் பந்து போகத் தொடங்கியது.

காயங்களைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. ஐயோவாவின் பாஸ் ஆட்டம் டைட் எண்டுகளை நம்பியே ஓடும். 2022-ல் சாம் லபோர்ட்டா இருந்தார், அடுத்த வருடமே என்எஃப்எல்-லின் டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போய் நட்சத்திரமானார். 2023-ல் அவர் இடத்துக்கு லூக் லஷே, எரிக் ஆல் என்று இரண்டு நல்ல ஆட்கள். லஷே மூன்றாவது ஆட்டத்தில் காயம், ஆல் ஏழாவதில், இடையில் மெக்னமாரா. எந்த அணியையும் இது உலுக்கும். ஆனால் உலுக்கினால் நடுப்பகுதிக்கு இறங்க வேண்டிய அணி, 133-ல் கடைசிக்குப் போனது காயத்தால் மட்டும் இல்லை.

இந்த நிலையில்தான் ஹில் உள்ளே வந்தார். அதுவரை கல்லூரி ஆட்டம் ஒன்றில்கூட ஸ்டார்ட் செய்யாதவர். பெரிய உடம்பு, அபாரமான கைவலு. ஆனால் ஐந்து யார்டு தள்ளி நிற்பவருக்கும் அதே வேகத்தில் வீசுவார், பக்கத்து ஆளுக்குப் பந்தை மெதுவாகப் போடும் பக்குவம் வரவில்லை. கால் வேகமும் கிடையாது, நெருக்கடியில் பாக்கெட்டிலிருந்து (லைன்மேன்கள் அவரைச் சுற்றிக் காக்கும் இடம்) நழுவி ஓட முடியாது. முதல் முயற்சியிலேயே எளிதான பாஸ் கொடுத்து, அவருக்குத் தாளம் பிடிக்க வைத்து, நம்பிக்கை ஊட்டி வளர்த்திருக்க வேண்டும். நடந்தது வேறு. விஸ்கான்சினுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் 14 பாஸ் வீசி 6 சேர்த்தார், 37 யார்டு. லெஷான் வில்லியம்ஸ் ஒரே ஓட்டத்தில் 82 யார்டு ஓடி டச்டவுன் அடித்தார், டெய்லர் 10 பண்ட் உதைத்தார், 15-6 வெற்றி. வெற்றி வந்துவிட்டதால் அந்த 37 யார்டைப் பற்றி உள்ளே யாரும் கலங்கவில்லை. அடுத்த வாரம்தான் மினசோட்டா.

இப்போது கோச்சிங். அஃபென்ஸுக்குப் பொறுப்பான கோச், அதாவது கோஆர்டினேட்டர், பிரையன் ஃபெரன்ட்ஸ், தலைமைக் கோச்சின் மகன். ஐயோவாவிலேயே லைன்மேனாக ஆடியவர், 2012 முதல் அங்கே லைன் கோச், 2017-லிருந்து கோஆர்டினேட்டர். லைன்மேன்களைத் தயார் செய்வதில் அவருக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் 2022-ல் குவாட்டர்பேக் கோச் கென் ஓகீஃப் விலகியதும் குவாட்டர்பேக் பயிற்சியையும் அவரே எடுத்துக்கொண்டார். குவாட்டர்பேக்காக ஆடியதும் இல்லை, அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த அனுபவமும் இல்லை. வில்லன் பாத்திரத்துக்கு அவரை நான் பரிந்துரைக்கவில்லை. தகுதிக்கு மீறிய இரட்டைச் சுமையை அவர் தோளில் வைத்தது நிர்வாகத்தின் முடிவு.

உறவினர் தொடர்பான பல்கலைக்கழக விதியால், காகிதத்தில் பிரையனுக்கு மேலதிகாரி அப்பா இல்லை, அத்லெட்டிக் டைரக்டர் (பல்கலைக்கழக விளையாட்டுத் துறைத் தலைவர்) கேரி பார்ட்டா. ஆனால் பயிற்சி மைதானத்தில் தினமும் பக்கத்தில் நிற்பவர் அப்பாதான். விளைவு என்னவென்றால், தினமும் வேலையைப் பார்ப்பவருக்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவர் தினமும் வேலையைப் பார்ப்பதில்லை. பெற்ற பிள்ளையை வேலையை விட்டுப் போகச் சொல்வது எந்த ஊர்த் தகப்பனுக்கும் சுலபமில்லை என்பதும் இருக்கிறது.

2023 பிப்ரவரியில் பார்ட்டா கண்டுபிடித்த வழி, ஒப்பந்தத் திருத்தம். பிரையனின் சம்பளம் 9 லட்சம் டாலரிலிருந்து 8.5 லட்சமானது. அணி ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும், குறைந்தது 7 ஆட்டம் ஜெயிக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் நீளாது. டிஃபென்ஸும் ஸ்பெஷல் டீமும் (உதைகளின்போது களமிறங்கும் பிரிவு) அடிக்கும் புள்ளியும் அந்த 25-இல் சேரும்! அஃபென்ஸின் பழுதை அளக்க வைத்த கோலில் அடுத்தவன் சம்பாத்தியமும் சேர்ந்துவிட்டது. 2022-லேயே டிஜீன் மட்டும் மூன்று இன்டர்செப்ஷனை டச்டவுனாக மாற்றியிருந்தார், அந்த வருடத்தின் 17.7 சராசரியே அப்படி உப்பியதுதான். என்னைக் கேட்டால் அந்த ஒப்பந்தம் நன்மையைவிடக் கெடுதலே செய்தது. வாரா வாரம் டிவியில் 25-க்கு எவ்வளவு பாக்கி என்று கணக்குப் போட்டார்கள். இருபது வயதுப் பையன் வீசும் ஒவ்வொரு தப்பான பாஸும் ஒரு கோச்சின் வேலைப் பிரச்சினையாக ஆனது. பந்து எப்படி நகர வேண்டும் என்பதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை.

அக்டோபர் 30 அன்று, பார்ட்டாவுக்குப் பின் வந்த இடைக்கால அத்லெட்டிக் டைரக்டர் பெத் கெட்ஸ், பிரையன் அடுத்த வருடம் இருக்க மாட்டார் என்று அறிவித்தார். சீசன் நடுவில், நான்கு ஆட்டம் மீதி இருக்கும்போது. அந்த நான்கையும் ஐயோவா ஜெயித்தது: நார்த்வெஸ்டர்னை 10-7, ரட்கர்ஸை 22-0, இல்லினாயை 15-13, நெப்ராஸ்காவை 13-10. மேற்குப் பிரிவுப் பட்டமும் கிடைத்தது. பிறகு பிக் டென் இறுதியில் மிஷிகனிடம் 26-0, சீசன் முடிவில் நடக்கும் சிட்ரஸ் பௌல் ஆட்டத்தில் டென்னஸியிடம் 35-0. 14 ஆட்டத்தில் மூன்றில் புள்ளியே இல்லை. சீசன் சராசரி 15.4. டிஃபென்ஸை மீறி இரண்டு டச்டவுன் அடிக்கும் வலுவுள்ள அணி எதிரே வந்த நாளிலெல்லாம் இந்த அஃபென்ஸிடம் பதில் இருக்கவில்லை.

ஹில்லை மாற்றிப் பார்த்திருக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2022-இன் மியூசிக் சிட்டி பௌலில் ஸ்டார்ட் செய்து கென்டக்கியை 21-0 என்று ஜெயித்த ஜோ லாபஸ் அணியில் இருந்தார், புதுமுகம் மார்கோ லைனெஸும் இருந்தார். லைனெஸை நாம் பார்த்தது சிட்ரஸ் பௌலின் பிற்பகுதியில்தான். கர்க் ஃபெரன்ட்ஸ் ஒருவரை நம்பிவிட்டால் லேசில் மாற்ற மாட்டார். அந்தப் பிடிவாதம் வேறு பல வருடங்களில் அணியைக் காப்பாற்றியிருக்கிறது, 2023-ல் காப்பாற்றவில்லை.

கடைசியாக, என் வாதத்தைச் சோதித்துப் பார்க்க 2024 இருக்கிறது. பிரையன் போனார், முந்தைய வருடம் என்எஃப்எல் அணியான கிரீன் பே பேக்கர்ஸில் அனலிஸ்டாக இருந்த டிம் லெஸ்டர் வந்தார். ஓட்டத்தின் அடிப்படை அதே ஸோன்தான். ஆனால் பந்து புறப்படுமுன் ரிசீவர்களும் டைட் எண்டுகளும் இடம் மாறி நகர ஆரம்பித்தார்கள், ஒரே அமைப்பிலிருந்து ஓட்டமும் பாஸும் வந்தன, எதிரணியால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. 2023-லும் அதே அணியில் இருந்த கேலப் ஜான்சன் 1,537 யார்டு ஓடி 21 டச்டவுன் அடித்தார். சராசரி 27.7-க்கு ஏறியது, அதாவது ஆட்டத்துக்கு 12 புள்ளி கூடுதல். அந்த சீசனின் பெரும்பகுதியில் குவாட்டர்பேக்காக நின்றவர் காயத்திலிருந்து திரும்பிய அதே மெக்னமாரா. அப்புறம் பிரெண்டன் சல்லிவன் வந்தார்.

கோளாறு பெரும்பாலும் அமைப்பில்தான் என்று நான் சொல்வது இதனால்தான். முழுக்க அமைப்பு மட்டும் என்றும் சொல்ல மாட்டேன். 2024-லும் ஐயோவாவின் பாஸ் ஆட்டம் நாட்டின் கடைசி வரிசைகளில்தான் இருந்தது. ஓட்டத்தை ஒரே வருடத்தில் சரிசெய்ய முடிந்தது. ரிசீவர்களைச் சேர்ப்பதும் குவாட்டர்பேக்கை வளர்ப்பதும் அவ்வளவு சீக்கிரம் நடக்கிற காரியம் இல்லை. லெஸ்டர் வந்திருக்காவிட்டால் ஜான்சனின் அந்த 21 டச்டவுன் கிடைத்திருக்காது. ஹில்லுக்கு லெஸ்டர் கிடைத்திருந்தால் அவர் பெரிய குவாட்டர்பேக் ஆகியிருப்பாரா என்று கேட்டால், அநேகமாக இல்லை என்பேன். 48 சதவீதம் 55 ஆகியிருக்கும், மினசோட்டாவைப் போன்ற ஆட்டங்களை ஜெயித்திருப்பார்கள்.